பொத்தானில் பதினோரு இதழ்

வெளிச்சத்தை அளக்கக் கருவி தேவைப்படுகிறவன் போட்டோகிராபரே அல்லன் என்பது இனியவனின் கொள்கை. விருத்தாசலம் தொடங்கி திட்டக்குடி வரைக்கும் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் எடைபோடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்றும், அவர் தற்சமயம் பி.காம் இரண்டாமாண்டில் மூன்று அரியர் வைத்திருக்கிறார் என்றும் சிரிக்காமல் சொல்வான்.

அந்த ஒருவரைத்தான் அண்ணி வளர்மதி நம்பியிருந்தாள். கட்டைவிரல் நகமளவு வெள்ளைப் பீங்கான் பொத்தான் செய்கிறாள். ஒவ்வொன்றிலும் பதினோரு இதழ் கொண்ட பூ. கோயம்புத்தூர் துணிக் கம்பெனிக்குப் போனில் படம் எடுத்து அனுப்பியதற்கு, மாத்திரை மாதிரி இருக்கிறதே மேடம் என்று பதில் வந்தது. இதழின் கோடு தெரிகிற படம் ஐந்து மணிக்குள் வேண்டுமாம். இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு. சூளைக் கொட்டகையைப் பூட்டி, ஆறு வயசு மகள் வெண்பாவைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, திங்கட்கிழமை அவள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறவேண்டியதுதான்.

அண்ணியிடம் ஒரு பழக்கம். புதுப் பூச்சு எதுவானாலும் முதலில் நாலைந்து உடைசல் துண்டுகளுக்கு நம்பர் போடுவாள். துண்டுக்குத் துண்டு ஒரே ஒரு சங்கதியை மட்டும் மாற்றிச் சூளையில் சுட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி வைப்பாள்.

"நோட்டு போடுறது பால்காரன் வேலை அண்ணி. கலைஞன் போடமாட்டான்," என்று காலையில்கூடச் சொன்னான் இனியவன்.

பதினொரு மணிக்குக் கலைஞன் ஆரம்பித்தான். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பொத்தான். முதல் படத்தில் பொத்தானே இல்லை, வெறும் வெள்ளை. ஷட்டரை வேகமாக்கினான்; பொத்தான் வந்தது, சாம்பலில் புரண்ட மாதிரி. கிட்டே போனால் ஒரு இதழ் துல்லியம், மீதிப் பத்தும் பனிமூட்டம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் எல்லா இதழும் தெளியும் என்று தெரியும். சுருக்கினான்; இருட்டிவிட்டது. ஷட்டரை மெதுவாக்கினான், கை நடுங்கிப் பூ இரண்டானது. கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினான், படமெங்கும் மணல் தூவினாற்போல் புள்ளி. மூன்றையும் ஒன்றாகத் திருகித் திருகி, எது எதைக் கெடுத்ததென்றே தெரியாமல் போயிற்று.

மூன்றே முக்காலுக்கு இருநூற்றுப் பதினாறு படம். உருப்படியாய் ஒன்றுமில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை. பரணிலிருந்து டிராவல் பேக்கை இறக்கி, ஈரத்துணியால் தூசியைத் துடைத்தாள்.

"பரவால்ல தம்பி. நீ என்ன பண்ணுவ," என்றாள். "வெண்பாகிட்ட மட்டும் நீயே சொல்லிடு. என்னால முடியாது."

இனியவன் கேமராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

பிசைந்து வைத்திருந்த களிமண்ணில் ஒரு பெரிய உருண்டை எடுத்து, பாலிதீன் சுற்றி, கேமராவை அதில் அழுத்தி உட்காரவைத்தான். கைபடாமல் எடுக்க டைமர் போட்டான். வெள்ளைத் தாளை உருவிவிட்டு அண்ணியின் கறுப்பு ரவிக்கைத் துணியை விரித்தான். துவாரம் பதினாறு, ஐ.எஸ்.ஓ. நூறு, இரண்டையும் தொடுவதில்லை. ஷட்டர் மட்டும் மாறும்.

அலமாரியிலிருந்து அண்ணியின் நோட்டை எடுத்தான். 1: முப்பதில் ஒரு நொடி, இருட்டு. 2: பதினைந்தில் ஒன்று, இருட்டு. 3: எட்டில் ஒன்று, சாம்பல். 4: நாலில் ஒன்று, பரவாயில்லை. 5: அரை நொடி. பதினோரு இதழும் கோடு கோடாய் நின்றன.

நாலரைக்கு அனுப்பினார்கள். நாலே முக்காலுக்குப் பதில் வந்தது: முன்பக்கம் சரி, நூல் கோக்கும் பின்பக்கமும் ஒன்று அனுப்புங்கள்.

அண்ணி பேக்கைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை. பொத்தானைப் புரட்டிப் போட்டு, நோட்டில் கோடு கிழித்து, 'பின்பக்கம் 1' என்று எழுதினான்.