மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு லோடு சிப்பி

மல்லாங்கிணற்றுக்குக் கடல் லாரியில்தான் வரும். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இறங்கும் சிப்பி ஓடுகளைக் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றவர் தங்கசாமி. சுற்றுவட்டாரத்தில் கல்யாண வீடென்றால் சுவருக்கு அவர் சுண்ணாம்புதான்.

தொண்ணூற்று மூன்றில் அவர் மகள் சுகப்பிரியாவுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து பெரிய இடம் வந்தது. மாப்பிள்ளை செல்வக்குமார் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பூ வைக்க வந்த இடத்தில் காப்பியை ஆறவிட்டு வகுப்பெடுத்தார். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கடல் வாங்கிக்கொள்கிறதாம். சிப்பிப் பூச்சி அதில் கொஞ்சத்தைத் தன் ஓட்டிலே சேர்த்துக் கட்டி, செத்த பிறகும் ஆயிரக்கணக்கான வருஷம் காபந்து பண்ணுகிறதாம். சுட்டால் அத்தனையும் வெளியேறி உலகம் சூடாகுமாம். மழையே எட்டிப் பார்க்காத ஊருக்குச் சூட்டைப் பற்றிச் சொல்ல ஆள் வந்திருந்தார், அதுவும் டீசல் காரில். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொன்ன வாயைத்தான் நம்ப முடியவில்லை.

"காளவாசல மூடிருங்க மாமா. நான் மேடையில இதப் பத்திப் பேசுறவன். மாமனாரு சிப்பி சுடுறாருன்னா என் பேரு என்னாகும்?"

உலகம் சூடாவது கிடக்கட்டும், பேர் கெட்டுவிடக் கூடாது அவருக்கு.

தங்கசாமிக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். ஆனால் மகள் கல்யாணம் நின்றால் ஊர் வாயை மூட முடியுமா? "எனக்காக அணைக்காதீகப்பா" என்று சுகப்பிரியா சொல்லியும் கேட்காமல் காளவாசலை அணைத்தார். இருந்த சுண்ணாம்பையும் விற்றுத் தீர்த்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அப்பா கோட்டைச்சாமி வந்தார்.

"சம்மந்தி, வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். கடைச் சுண்ணாம்பு வேணாங்கிறான் மகன். சிப்பிச் சுண்ணாம்புதான் பளிச்சுனு இருக்குமாம். ஒரு லோடு அனுப்பிவிடுங்க."

தங்கசாமி வாயெடுக்குமுன் கதவோரம் நின்ற சுகப்பிரியா பேசினாள்.

"அனுப்புங்கப்பா. அவுக மகன் மனசு கோணாம அனுப்புங்க."

மறுநாள் கோட்டைச்சாமி வீட்டு வாசலை அடைத்து ஒரு லாரி சிப்பி சரிந்தது. அத்தனையும் சுடாத சிப்பி. கவிச்சி தெருமுனை வரை போனது. லாரியோடு வந்திருந்த தங்கசாமியிடம் செல்வக்குமார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இத வச்சு எப்படி மாமா வெள்ளையடிக்கிறது?"

"அடிக்க முடியாதுன்னுதான் மாப்ள இத்தன வருசமாச் சுட்டுக்கிட்டிருந்தேன்."

கல்யாணம் அங்கேயே நின்றது. தங்கசாமி துண்டால் முகத்தை மூடி அழுதபடியே லாரியில் ஊர் திரும்பினார். தூரத்திலேயே காளவாசலில் புகை தெரிந்தது. அவர் வந்து சேருமுன்பே சுகப்பிரியா அதை மூட்டியிருந்தாள்.