நாற்காலி வரும்வரை

அச்சகத்தில் அவளை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அங்கே பிழை திருத்துகிறாள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பேர். அவளுக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

சின்ன வயதிலேயே தசைகளைத் தின்னும் நோய் வந்தது. கழுத்தும் கைகளும் ஓரளவு சொன்ன பேச்சுக் கேட்கும். முதுகும் கால்களும் கேட்காது. மோட்டார் நாற்காலிதான் அவளுக்கு நடை. அதிலும் அதன் சாய்மானம், வளைந்துபோன அவள் முதுகுக்கென்றே அளவெடுத்து வார்த்தது. எட்டு மாதம் காத்திருந்து வாங்கியது. வேறு நாற்காலியில் உட்காரவைத்தால் அரைமணி நேரத்தில் உடம்பு ஒருபக்கமாகச் சரிந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

அப்படிப்பட்டவள் விமானம் ஏறுகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ஆனால் பெரியக்காவுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. பெரியக்கா இருக்கும் ஊருக்குப் போகும் ரயிலில் இந்த நாற்காலி ஏறாது. ஆறு வருடமாக அக்கா தங்கைக்குள் போனில்தான் எல்லாம். "சும்மா ஒரு ஆபரேஷன், நீ எதுக்குடி அலையுற?" என்று பெரியக்கா சொன்னபோது அந்தக் குரல் நடுங்கியதைக் கமா கவனித்துவிட்டாள். அன்றே, ஆபரேஷனுக்கு முந்தின நாளுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

துணைக்கு வந்தது தம்பி. பேருந்து ஓட்டுகிறவன். அவனுக்கும் இதுதான் முதல் விமானம்.

"பஸ்ஸுன்னா பிரேக் என் கால்ல இருக்கும் சின்னக்கா. இங்க எவன் கால்லயோ இருக்கு" என்றான் விமான நிலையத்து வாசலிலேயே.

"நீ வாயை மூடிக்கிட்டு வா. எனக்கு இருக்கற பயம் போதும்."

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விமானத்துக் கழிப்பறைக்குள் அவளால் நுழைய முடியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் முதல் கவுண்டரில் இருந்த பெண், பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துவரச் சொன்னாள்.

"இது ஆசிட் ஒழுகாத பேட்டரிங்க. கழட்டத் தேவையில்லை. உங்க கம்பெனியே எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கு." கமா மடியிலிருந்த உறையைக் காட்டினாள். அந்தப் பெண் படித்தாள், யாருக்கோ போன் செய்தாள், இன்னொருவர் வந்து படித்தார். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. கடைசியில் சரி என்றார்கள்.

விமானத்தின் வாசலில் அவளைக் குறுகலான ஒரு தள்ளுநாற்காலிக்கு மாற்றி மார்பிலும் முழங்காலிலும் பட்டை கட்டினார்கள். உடனே தம்பி, அவள் சொல்லச் சொல்ல, ஓட்டும் பிடியையும் இருக்கை மெத்தையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக வசதியாக மோட்டாரின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்தான். எப்படித் தூக்க வேண்டும், எதை மடிக்க வேண்டும் என்று கமா படம் போட்டு எழுதிய தாள் நாற்காலியில் ஒட்டியிருந்தது. அவள் தலை திரும்புவதற்குள் அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜன்னலோர இருக்கை. கீழே விமானத்தின் வயிற்றுக்குச் சாமான் ஏறும் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகள் எல்லாம் ஏறி முடிந்தபின் அவளுடைய நாற்காலி வந்தது.

சரக்குக் கதவு தாழ்வாக இருந்தது. சாய்மானம் உயரம். இரண்டு தொழிலாளிகள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் கதவைக் காட்டிக் கையை விரித்தார். மற்றவர் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

"டேய், படுக்கப் போடப் போறாங்கடா!"

நாற்காலியின் நூற்றுப்பதினெட்டு கிலோ எடையும் அந்தச் சாய்மானத்தின்மேல் இறங்கினால் அது மூன்று மணி நேரம் தாங்காது. கமா கூப்பிடும் பொத்தானை அழுத்தினாள். பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"என் நாற்காலியைத் தப்பா ஏத்துறாங்க. சாய்மானத்துக்குப் பின்னாடி ஒரு சிவப்புப் பிடி இருக்கு. அதை இழுத்தா முன்பக்கமா மடங்கும். நிக்கவெச்சே ஏத்தலாம். அவங்ககிட்டச் சொல்லணும்."

"அவங்களுக்குப் பழக்கம்தான் மேடம், பாத்துப்பாங்க. கதவு மூடற நேரம்."

"பழக்கம்னா ஏன் கையை விரிக்கிறாங்க?" கத்தத்தான் நினைத்தாள்; வறண்ட தொண்டையில் குரல் எழும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாற்காலியின் முன் சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழுந்தன.

தம்பி எழுந்துவிட்டான். "உட்காருங்க சார்" என்றாள் பணிப்பெண். அவன் உட்காரவில்லை. நேரே முன்னால் போய், திறந்திருந்த விமானி அறைக்கு எதிரே நின்று கைகூப்பினான்.

"சார், நானும் டிரைவர்தான். ஏறினவங்களைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்கறதுதானே நம்ம வேலை? அந்த நாற்காலி எங்கக்காவோட முதுகு சார். கீழ போட்டு உடைக்கப் போறாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

விமானி தலைமயிர் நரைத்தவர். அவனை ஒரு கணம் பார்த்தார், பிறகு ஒலிவாங்கியை எடுத்து ஏதோ பேசினார். கீழே தொழிலாளிகள் சட்டென்று நின்றார்கள். இரண்டு நிமிடத்தில் பளபளக்கும் மஞ்சள் அங்கி போட்ட மேற்பார்வையாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"முதல்லயே எழுதி ஒட்டியிருக்கலாமேம்மா?"

"ஒட்டியிருக்கேங்க. நல்லாப் பாருங்க. அது மேலதான் உங்க பெட்டிச் சீட்டை ஒட்டியிருப்பாங்க."

அவர் முகம் சிறுத்துவிட்டது. சிவப்புப் பிடி எங்கே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கமா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். அவர் குனிந்து, தேடி, இழுத்தார். சாய்மானம் மடங்கியது. நாற்காலி நின்ற நிலையிலேயே பட்டையில் ஏறி உள்ளே மறைந்தது.

உள்ளே அதைக் கட்டினார்களா இல்லையா, யாருக்குத் தெரியும்?

பயணம் முழுக்க அவள் காது கீழேயே இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும், ஏதோ உருண்டது போலவே தோன்றும். வழியில் ஒருமுறை விமானம் மேகத்துக்குள் திமிறியபோது தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

தரையிறங்கும்போது மணி மூன்று. மருத்துவமனையில் ஆறு மணிக்குமேல் பார்க்க விடமாட்டார்கள். ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போனபின் இரண்டு பேர் குறுகல் நாற்காலியோடு வந்தார்கள்.

"உங்க சேர் பெட்டி வர்ற இடத்துக்குப் போயிடுச்சு மேடம். அதுவரைக்கும் எங்க சேர்ல கொண்டுபோறோம். கிட்டத்தான்."

தொய்ந்த துணி இருக்கை போட்ட சாதாரணத் தள்ளுநாற்காலி ஒன்று வாசலில் தெரிந்தது. கமா அதைப் பார்த்தாள். அதில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் சரியச் சரிய இவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"என் நாற்காலி இந்த வாசலுக்கு வரட்டும். அதுவரைக்கும் நான் இறங்க மாட்டேன்."

"அடுத்த பயணத்துக்கு ஆள் ஏத்தணும் மேடம்."

"ஏத்துங்க. எனக்கு அதுல ஆட்சேபணை இல்லை."

சொல்லிவிட்டாளே தவிர, இந்த மாதிரி யாரையும் எதிர்த்து அவள் உட்கார்ந்ததில்லை. காகிதத்தில் சண்டை போட்டுத்தான் பழக்கம். துப்புரவுக்காரர்கள் வந்து இருக்கைகளைப் பெருக்கினார்கள். அவளைச் சுற்றியும் பெருக்கினார்கள். முன்பு மறுத்த அதே பணிப்பெண் இப்போது வாசலில் நின்று போன்மேல் போன் போட்டாள். "அந்த அம்மா சொல்றது நியாயம்தான், கொண்டுவந்து தொலைங்க" என்று அவள் சொன்னது உள்ளே கேட்டது.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து நாற்காலி வந்தது.

வலது கால்தாங்கி முறிந்து தொங்கியது. தலை வைக்கும் திண்டைக் காணோம். கமா மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்மானத்தை நிமிர்த்தச் சொன்னாள். தம்பி விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தான்.

"கீறல்கூட இல்லை சின்னக்கா."

மெத்தையைப் போட்டு, அவளை ஏற்றி உட்காரவைத்து ஓட்டும் பிடியைப் பொருத்தினார்கள். சிவப்பு விளக்கு மின்னியது. நாற்காலி நகரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். மறுபடியும் சிவப்பு.

"இருங்க, இருங்க." தம்பி தரையில் படுத்துவிட்டான். "நம்மதான்! கொக்கியைக் கழட்டினோமே, திரும்பப் போடவே இல்லை!" டக், டக் என்று இரண்டு சத்தம். விளக்கு பச்சையானது.

வெளியே வரும் வழியில் ஓர் அலுவலர் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். கமா வரி விடாமல் படித்தாள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்றிருந்ததை அடித்தாள். அதன்மேல் சேதத்தை ஒவ்வொன்றாக எழுதி, அவரையும் கையெழுத்துப் போடவைத்து ஒரு நகல் வாங்கிக்கொண்டாள்.

மருத்துவமனை அறைக்குள் நுழைந்தபோது ஐந்தே முக்கால். தாங்கியில்லாத காலைத் தம்பி தன் இடுப்பு வாரால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தான். பெரியக்கா முதலில் பார்த்தது அதைத்தான்.

"என்னடி இது, காலைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கான்?"

"வந்து சேர்ந்தேன்ல, அதைப் பாரு."

கமா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆறு வருடத்தில் பெரியக்கா பாதியாகிவிட்டிருந்தாள்.

"பயமா இருந்துச்சா?" என்றாள் பெரியக்கா.

"உயிரே போயிடுச்சு. உனக்கு?"

"எனக்கு இப்பவும்தான்." பெரியக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் அழுதாள். ஆறு வருடமாகப் போனில் ஒருநாளும் அழாதவள்.

கமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மணிக்கு நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். யாரும் அசையவில்லை. நர்ஸ் கட்டிலையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. பெரியக்கா பிழைத்துக்கொண்டாள்.