பக்கத்து வீட்டு அலறல்

1.
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அங்கே தனியாக இருப்பவள் பேய்ப்படங்களுக்கு அலறல் குரல் கொடுப்பவள். திரையில் கதாநாயகி வாயைத் திறப்பாள், சத்தம் இவளுடையது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் கத்திப் பழகுவாள். குடியிருப்பில் அவளுக்கு 'அலறல்காரி' என்றே பெயர்.

2.
தொடக்கம், முதல் முயற்சி: "அந்த வீட்டில் ஏதோ ஒன்று..."

வேண்டாம். எல்லாப் பேய்க்கதையிலும் ஏதோ ஒன்று இருந்து தொலைக்கிறது.

இரண்டாவது முயற்சி: குடிவந்த புதிதில் அலறல் கேட்டு, கரண்டியும் கையுமாக ஓடிப்போய் அவள் கதவைத் தட்டினேன். (கரண்டி கதைக்காகச் சேர்த்ததில்லை. நிஜமாகவே கையில் இருந்தது.)

"மன்னிச்சிருங்கக்கா, இது என் தொழில். உள்ள வாங்க," என்றாள்.

"எல்லாப் படத்துக்கும் ஒரே கத்தல்தானே?"

"ஐயோ, இல்லக்கா. பேயைப் பார்த்தா மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே கத்தணும். கொலைகாரன்னா வெளிய விடணும், யாராவது காப்பாத்த வருவாங்கன்னு. பொம்மை கண்ணைத் திறந்தா முதல்ல சிரிச்சுட்டு அப்புறம் கத்தணும்."

"நிஜமா பயந்தா?"

"சத்தமே வராதுக்கா. தொண்டை அடைச்சுக்கும்."

3.
(இது கட்டுரை மாதிரி ஒரு பத்தி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

தனியாக இருப்பவர்கள் எதற்குப் பேய்ப்படம் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கிறேன், வீட்டு விளக்கையெல்லாம் போட்டுக்கொண்டு. இரத்தம் தெறிக்கும் படம் எனக்கு ஒத்துவராது. இராட்சத ஜந்து வந்தால் சிரிப்பு வந்துவிடும். பிடித்தது வீட்டுக்குள் பேய் உலவும் படம்தான். அதில் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். தட்டை நகர்த்துகிறார், படியேறி வருகிறார், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். என் வீட்டில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

4.
இப்போது யாரும் ஓடுவதில்லை. புலி வருது கதைதான். கீழ்வீட்டுத் தையல்காரர், "ஆரம்பிச்சுட்டாங்கய்யா!" என்று ரேடியோவைச் சத்தமாக வைப்பார். நான் காபி போடுவேன்.

"எனக்கு நிஜமாவே ஏதாவது ஆனா யாருக்குக்கா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டாள், சிரித்துக்கொண்டேதான்.

"எனக்குத் தெரியும்," என்றேன். எப்படி என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

5.
இன்று அலறல் இல்லை. நேற்றும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவள் செருப்பு வாசலில் கிடக்கிறது. உள்ளே போன் அடித்து அடித்து ஓய்கிறது.

முடிவுகள்:
(அ) ஊருக்குப் போயிருக்கிறாள். (செருப்பு?)
(ஆ) தொண்டை கட்டிக்கொண்டது, தூங்குகிறாள்.
(இ) அவள் தரையில்...

எழுத மாட்டேன்.

'தட்டிப் பார்க்காமல் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே' என்று நீங்கள் திட்டுவது கேட்கிறது. பயமாக இருக்கிறது. தட்டாதவரை மூன்று முடிவும் உயிரோடு இருக்கின்றன. முதல் பத்தியில் பொய் சொல்லிவிட்டேன்: அலறிய நாளெல்லாம் எனக்குக் கதை தோன்றவில்லை. அது நின்ற பிறகுதான் பேனாவை எடுத்தேன், அந்தக் கதவுக்குப் போகாமலிருக்க.

சரி, போகிறேன். கரண்டி எதற்கு என்று தெரியவில்லை, எடுத்துக்கொண்டேன். கதவு திறந்தால் திரும்பி வந்து எழுதமாட்டேன். அவளோடு காபி குடித்துக்கொண்டிருப்பேன். ஆகவே, அடுத்த எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போகிறேன்; அதன் கீழே ஒன்றும் இல்லையென்றால் நல்ல சேதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6.