பெரிய தெருவில் திறந்த கார்

ஆண்டிச்சாமியின் முழங்காலை உடைத்தவன் நான்தான். கோர்ட்டிலும் இதைத்தான் சொன்னேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "தெரியாம பட்டிருச்சுன்னு சொல்லித் தொலைய்யா" என்றார். தெரியாமல் என்ன தெரியாமல்? பார்த்துக் குறிவைத்து அடித்தேன். அடிக்கும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பழைய கார்தான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். கார் என்ன பாவம் செய்தது? தேடிப் பிடித்து அதை வாங்கியது நான்.

என் பெயர் சவரியப்பன். நார்த்தாமலைக்குக் கிழக்கே ஆவாரம்புஞ்சைச் சேரி எனக்கு. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டினேன். பர்மா எல்லை வரை போய்க் குண்டுக்குத் தப்பி வந்தேன். வந்து குவாரியில் கல்லுடைத்தேன். அப்புறம் ஆள் வைத்து உடைத்தேன். ஐம்பத்தாறாம் வருஷம் ரோட்டு வேலைக்கு ஜல்லி அனுப்பும் கான்ட்ராக்ட் கிடைத்தது. கார் வாங்கலாம் என்ற தெம்பு அப்போதுதான் வந்தது.

எங்கள் சேரியிலிருந்து எங்கே போவதானாலும் பெரிய தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. தெரு முனை வந்ததும் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். சைக்கிள் என்றால் இறங்கி உருட்ட வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்த முதல் நாள் நான் பூட்ஸோடு நடந்தேன். நடு முதுகில் விறகுக்கட்டை விழுந்தது. விழுந்து எழுந்தவன் பூட்ஸைக் கழற்றினேன். சுற்றி எட்டுப் பேர் நின்றால் வேறு என்ன செய்வது? அன்றைக்கே மாதா மேல் சத்தியம் செய்தேன். இந்தத் தெருவில் ஒருநாள் உட்கார்ந்தபடியே போவேன், தினமும் போவேன், செத்தாலும் இறங்க மாட்டேன்.

கார் பார்க்கப் புதுக்கோட்டையில் ஜெகபர் சாதிக் பாயின் ஷெட்டுக்குப் போனேன். பாய் கெட்டிக்கார மெக்கானிக், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நாலு கதவு வைத்த சின்னக் கார் ஒன்றைக் காட்டினார்.

"இத எடுத்துக்க சவரி. பொஞ்சாதியோட சொகமாப் போகலாம். மழை பேஞ்சா நனைய மாட்டே. சாமான் எங்கிட்டும் கெடைக்கும்."

நான் மூலையில் கோணிக்கடியில் கிடந்ததைக் காட்டினேன். பாய் சிரித்துவிட்டார்.

"அதுவா? முப்பத்து நாலாம் வருசத்து வண்டிடா அது. சீமையில தொரைமாருக தூரந்தொலைவு பறக்குறதுக்குன்னு செஞ்சது. அரிமளத்துல ஒரு பெரிய வீட்டுல நின்னுச்சு. நீளத்தப் பாத்தியா, பாதி வண்டி இஞ்சினு. ஒக்கார ரெண்டே சீட்டு."

"ஓடுமா பாய்?"

"பறக்கும். நின்னுச்சுன்னா அம்புட்டுத்தான். சூட்டுல நின்னா ஒரு மணி நேரம் ஆறணும். செல்ஃபு செத்துப் போச்சு, எறங்கி முன்னால போயி ஹேண்டில் போட்டுச் சுத்தணும். ஞாயித்துக்கெழம ஒரு ரவுண்டு போறவனுக்குச் சரி. தெனமும் வேலைக்குப் போறவன் இத வாங்குவானா? கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?"

"கூரை இருக்கா?"

"துணிக் கூரை. எலி தின்னுருச்சு."

"அப்ப இதுதான் பாய்" என்றேன்.

பாய்க்கு விளங்கவில்லை. கூரை போட்ட காரில் போனால் உள்ளே இருப்பது எவன் என்று யாருக்குத் தெரியும்? எவனோ ஆபீசர் போகிறான் என்று இருந்துவிடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும். என் தலை, என் தோள், என் கை எல்லாம் தெரிய வேண்டும். சத்தமும் வேண்டும். அந்த வண்டியின் சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். ஒரு மாதம் பாயோடு மல்லுக்கட்டி அதை ஓடவைத்தேன்.

முதல் நாள் காலை எட்டு மணி. பட்டாளத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய தெருவில் நுழைந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த வண்டியை அவர்களுக்குத் தெரியும். முன்பு அரிமளத்து முதலாளி அதில்தான் கோயிலுக்கு வந்துபோவார். வண்டிச் சத்தம் கேட்டதுமே பழக்க தோஷத்தில் தெருவே எழுந்து நின்றது. தோளில் கிடந்த துண்டெல்லாம் இடுப்புக்கு இறங்கியது. ஊர்த் தலைவர் ஆண்டிச்சாமி பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயில் வேப்பங்குச்சியோடு எழுந்து, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். சும்மா போயிருக்கலாம். என் குணம் விடவில்லை. வண்டியை மெதுவாக்கி, பட்டாளத்து சல்யூட் ஒன்று வைத்து, வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் உட்கார்ந்து போனதைக்கூட என்றாவது மன்னித்திருப்பார்களோ என்னவோ. அவர்கள் எழுந்து நின்றதை அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் கல் வந்தது. முன்கண்ணாடி உடைந்து ஒரு சில்லு என் கன்னத்தில் இறங்கியது. ரத்தம் சட்டையெல்லாம் வழிய, குவாரிக்குப் போய்த்தான் பிடுங்கினேன். மூன்றாம் நாள் சாணிச் சட்டி. நாலாம் நாள் உலக்கை. தோள்பட்டை கருகருவென்று கன்றிப்போனது. நான் விடவில்லை. காலை எட்டுக்குப் போவேன், மாலை ஐந்துக்கு வருவேன். ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி ஆண்டிச்சாமி ஒரு முடிவு சொல்லி அனுப்பினார். சைக்கிளை உருட்டுகிற மாதிரி காரையும் இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு போக வேண்டுமாம். சொல்ல வந்த ஆளிடம், "ஒங்க தலைவரு பின்னால நின்னு தள்ளுவாருன்னா நான் ஸ்டியரிங் புடிச்சுக்கிறேன்னு சொல்லு" என்றேன். அன்று மாலை குவாரியிலிருந்து நடந்து வந்த என் ஆட்கள் இரண்டு பேரை மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். ஒருத்தனுக்கு விலா எலும்பு போனது.

என் மனைவி ஆரோக்கியம்மாள் கொதித்தாள்.

"நீ பறந்து போயிர்றே. பின்னால நடந்து வர்றவுகதான அடி வாங்குறாக?"

"நீயும் ஏறி ஒக்காரு, ஒன்ன எவன் அடிக்கிறான்னு பாப்போம்" என்றேன்.

ஒருநாள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். பெரிய தெருவில் போகும்போது பக்கத்து வீட்டு முனியாயி, தலையில் புல்லுக்கட்டோடு, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். வண்டி கிளப்பிய புழுதி முழுக்க அவள் மேல் விழுந்தது. ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு மானம் மரியாதை ஒன்றும் கிடையாது என்று நினைத்தேன்.

நாற்பத்தோராம் நாள் மாலை. புரட்டாசி மாத வெக்கை. பெரிய தெருவில் பாதி வந்ததும் ஒரு கட்டை வண்டியைக் குறுக்கே தள்ளினார்கள். பிரேக் போட்டேன். இஞ்சின் இருமி, இருமி, நின்றது. பின்னாலும் ஒரு வண்டியைத் தள்ளி அடைத்தார்கள்.

அவர்கள் விசாரித்து வைத்திருந்தார்கள். வண்டி திரும்பக் கிளம்ப வேண்டுமானால் நான் இறங்க வேண்டும். இறங்கி, முன்னால் போய், அவர்கள் எல்லோர் முன்னாலும் குனிந்து ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். ஆண்டிச்சாமி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வண்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எறங்குடா" என்றார். "எறங்கிக் குனி. நாங்களும் பாக்குறோம்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கம்பு காதில் விழுந்தது. காதுக்குள் ஙொய் என்றது. அடுத்தது முதுகில். அப்புறம் எண்ணவில்லை. கையைப் பிடித்து இழுத்தார்கள். விரலை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து பிரித்தார்கள். இடது கையில் இரண்டு விரல் கடக் கடக்கென்று ஒடிந்தது. நான் காலை உள்ளே மடக்கிக்கொண்டு சீட்டோடு ஒட்டிக்கொண்டேன். வாயெல்லாம் ரத்தம். "எறங்க மாட்டேன்டா, எறங்க மாட்டேன்டா" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

யாரோ வைக்கோல் பிரியைக் கொளுத்தி என் பக்கத்துச் சீட்டில் போட்டான்.

பழைய தோல், குதிரைமுடி அடைத்த சீட்டு. குபீரென்று பற்றியது. என் வேட்டியும் பற்றியது. அப்போது இறங்கினேன். சீட்டுக்கடியில் கிடந்த இரும்பு ஹேண்டிலோடு இறங்கினேன். முதலில் வந்தவனின் காறை எலும்பில் விழுந்தது. அடுத்தவனின் தாடை. கூட்டம் விலகியது. ஆண்டிச்சாமி நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். எழ விடவில்லை. வலது முழங்காலில் ஓங்கி ஒரே அடி. முறுக்குக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது. பின்னால் பெட்ரோல் டேங்க் வெடித்து எல்லோரும் சிதறி ஓடினார்கள். நான் எரிகிற காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாடா வாடா என்று ஆளில்லாத தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். போலீஸ் வரும் வரை கத்தினேன்.

இரண்டு வருஷம் போட்டார்கள். ரத்தக்கறை இருந்ததால் ஹேண்டிலோடு என் பூட்ஸையும் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். திருச்சி ஜெயிலில் நான் நினைத்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வெளியே போனதும் இன்னொரு திறந்த கார் வாங்க வேண்டும். இன்னும் பெரிதாக, இன்னும் சத்தமாக. ஆரோக்கியம் மனுப்போட்டுப் பார்க்க வருவாள். ஒரு தடவை நெற்றியில் தையலோடு வந்தாள். "விழுந்துட்டேன்" என்றாள். நம்பினேன்.

ஐம்பத்தெட்டில் விட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடந்தேன். பெரிய தெரு முனை வந்தது. அடிக்க வரட்டும், ஒருத்தனையாவது கொண்டுபோகாமல் விடுவதில்லை என்று முஷ்டியை முறுக்கிக்கொண்டு நுழைந்தேன். ஒருத்தனும் வரவில்லை. ஆண்டிச்சாமி விறைத்த காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார், வாயைக் கோணிக்கொண்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கவில்லை. எனக்கு முன்னால் முனியாயி புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தாள். சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. பார்த்தால், அவள் காலில் செருப்பு. நடுத்தெருவில், காலில் செருப்பு. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் நாலு இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். ஆரோக்கியம் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"முனியாயி செருப்போட போறா!"

"எல்லாரும்தான் போறோம்" என்றாள். "ஒன்னக் கொண்டுபோன மறுநா காலையில நாப்பது பேரு செருப்பப் போட்டுக்கிட்டுப் போனோம். அடிச்சாக. முனியாயிக்குப் பல்லு போச்சு, எனக்கு மண்டை ஒடஞ்சுச்சு. மறுநா திரும்பப் போனோம். திரும்ப அடிச்சாக. ஒம்பது நாளு. அறுப்புக்கு ஒருத்தரும் போக மாட்டோம்னுட்டோம். கதிரு வயல்ல கொட்டுச்சு. பத்தாம் நா அடிக்க ஆளு வரல."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு எரிந்தது. என் விரல் போனது, என் கார் போனது, இரண்டு வருஷம் போனது. நான் இல்லாமல் எப்படி நடக்கலாம்?

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஜெயிலு செவுத்த ஒடச்சுக்கிட்டு வந்து நீதான் முன்னால நிப்பே."

"நான் அந்த வண்டிய எடுக்கலேன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நடந்திருக்காது. இல்லேன்னு சொல்லல. ஆனா அதுல ரெண்டு பேருதான்ய்யா ஒக்கார முடியும்."

தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் தண்ணீர்ச் செம்பை நீட்ட வந்தவள், பாதியில் நின்று என் காலையே பார்த்தாள். புழுதி கணுக்கால் வரை ஏறியிருந்தது.

"ஏய்யா, வெறுங்காலோடயா தெருவுல வந்தே?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பூட்ஸ் போனது போனதுதான், வேறு வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஜெயிலில் வெறுங்கால், வழியெல்லாம் வெறுங்கால். ஆண்டிச்சாமி எதைப் பார்த்துச் சிரித்தார் என்று அப்போது புரிந்தது. அடி வயிற்றிலிருந்து அழுகை வந்தது. அடிபட்டபோது அழாதவன், அவள் முன்னால் விம்மி விம்மி அழுதேன்.

அவள் அழ விட்டாள். அப்புறம் வாசலில் கிடந்த தன் செருப்பை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள்.

"போட்டுக்கிட்டு அந்த முனை வரைக்கும் போயிட்டு வா. சோறு எடுத்து வைக்கிறேன்."

போட்டுக்கொண்டேன். அளவு சின்னது, குதிகால் வெளியே நின்றது. அதோடுதான் போனேன்.