மாமனார் சுரங்கத்துக்குப் போனார்

செத்துப் பல வருடமான கொந்தோர், உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வாரத்தில், மகனுக்குப் பதிலாக வெள்ளிச் சுரங்கத்துக்கு நடந்து போனார். வழியில் எங்கும் உட்காரவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

எல்லாம் மருமகள் சும்பியின் வாயால் வந்தது. எங்கள் மலையில் செத்தவர்களைப் புதைக்கிற வழக்கமில்லை. முழங்காலை மடக்கி உட்காரவைத்து, பனிக்காற்றில் காயவிட்டு, குகையில் வைத்துக்கொள்வோம். அறுவடைக்கு வீட்டுக்குக் கூட்டிவந்து, புதுத் துணி சுற்றி, சோளக் கள் ஊற்றி, விதைப்போ கல்யாணமோ எதுவானாலும் அவர்களைக் கேட்டுத்தான் செய்வோம். அன்றும் கொந்தோர் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். எங்கள் மலையைப் பிடித்துக்கொண்ட ஸ்பானியர்களின் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வாசலில் நின்று, "வீட்டுல ஆம்பளைங்க எத்தனை பேரு ஆத்தா?" என்றான். சும்பி மாவு அரைத்தபடியே, "ரெண்டு பேரு. மாமனாரு, எங்க வீட்டுக்காரரு" என்றாள். எங்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒற்றை ஆம்பிளை இருக்கும் வீட்டை அப்போது விட்டுவிடுவார்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் போயாக வேண்டும். போனவர்கள் இருமிக்கொண்டே திரும்பினார்கள், அல்லது திரும்பவே இல்லை.

மறுநாள் கணவன் வில்காவின் கழுத்தில் கயிறு ஏறியதும் சும்பி மாமனாரிடம் ஓடிக் கத்தினாள். "கள்ளு ஊத்தினேன், துணி மாத்தினேன். இப்படியே குந்திக்கிட்டு இருந்தா எப்படி மாமா? உங்க புள்ளைய இழுத்துக்கிட்டுப் போறானுங்க!"

கொந்தோர் எழுந்தார். முட்டி இரண்டும் சுள்ளி முறிவதுபோலச் சத்தம் போட்டன. மகன் கழுத்துக் கயிற்றைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கங்காணிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் தலைக்குத் தலை சரியாக இருந்ததால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

சுரங்கத்தில் அவர் தின்னவில்லை, தூங்கவில்லை, இருமவில்லை. துரைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். மறு வருடம் கங்காணி வீடு வீடாக அலையாமல் நேரே குகைக்குப் போனான். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் வரிசையாக மலை இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கமாக இருந்தது; பிள்ளைகள் வீட்டில் தங்கியதால் நிம்மதியாகவும் இருந்தது. அந்த வருடம் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நாங்களாகவே விதைத்தோம்.

வில்கா வீட்டிலேயே இருந்து நரைத்து, சும்பியின் மடியில் செத்தார். உடம்பு ஆறுவதற்குள் கங்காணியின் மகன் வந்துவிட்டான். தகப்பன் மாதிரி இல்லை, மரியாதையாகத்தான் பேசினான்.

"அவசரமில்ல அத்தை. காஞ்சதும் அனுப்பிவிடுங்க."

"கனத்த உடம்பு தம்பி. காய நாளாகும்" என்றாள் சும்பி.

நாங்கள் பகையாளியைத்தான் எரிப்போம். எரிந்தவனைக் குகையில் வைக்க முடியாது, அவனுக்குக் கள் ஊற்ற முடியாது, அவனிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அன்று சாயங்காலம் சும்பி சுமை தூக்கும் லாமாக்களின் சாண வறட்டியை அடுக்கி, கணவனை மேலே உட்காரவைத்துத் தீ வைத்தாள். "என்னை மன்னிச்சுக்கய்யா. நீயாவது வேலைக்குப் போகாம இரு" என்று வாய்விட்டு அழுதாள். ஊரில் யாரும் தடுக்கவில்லை. சிலர் தங்கள் வீட்டு வறட்டியைக் கொண்டுவந்து போட்டார்கள். இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான்.