தம்பி கல்யாணமும் குடியுரிமையும்

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அவள் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"தூக்கி வளர்த்த அக்கா நான். ஊர்ல நடக்கற தம்பி கல்யாணத்தைப் போன்லதான் பாக்கணுமா?"

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னால் விசிலடித்தபடி தொங்குவார். குடியுரிமை என்று காதில் விழுந்தால் மட்டும் அவருக்கு வியர்த்துவிடும்.

"அடுத்த வருஷம் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனு போடணும்மா. இப்ப ஒரு ராத்திரி இந்த நாட்டுக்கு வெளியில தங்கினாலும் போச்சு, இத்தனை வருஷம் இங்க குடியிருந்த கணக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கும். சட்டப்புலியே சொல்லிட்டார்."

சட்டப்புலி அதே தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். எப்போதோ குடியுரிமை வாங்கியவர். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சட்டம் சொல்வார். கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அதை நம்பி நம் மெக்கானிக் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பெனி அனுப்பிய வேலைக்குப் போக மாட்டேன் என்றார். கடற்கரைக்குப் போனாலும் முழங்கால் தண்ணீரைத் தாண்ட மாட்டார். "தண்ணியில கோடா போட்டிருக்கு? எங்க எல்லை முடியுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ வரலேன்னா தேதியைத் தள்ளி வச்சுடட்டுமாக்கா?" என்று தம்பி முந்தின ராத்திரி போனில் கேட்டிருந்தான். தான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு லீவு சொன்னாள்.

"கிளம்புங்க. குடியுரிமை ஆபீசுலயே கேட்டுடலாம்."

"ஐயையோ! நாமளே போய் மாட்டிக்கணுமா?"

"எதைத் திருடினோம், மாட்டிக்கிறதுக்கு?"

போகிற வழியில் சட்டப்புலியையும் கூப்பிட்டாள். அவர் கடையைப் பூட்டிவிட்டு, சாட்சி சொல்லப் போகிற மிடுக்கோடு வந்தார்.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடல் விஷயம் வந்ததும் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"இங்க சட்டம் கேக்கற அளவு வருஷம் குடியிருக்கணும், அது நிஜம். ஆனா நடுவுல சில வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்தா கணக்கு அறுந்துடாது. மாசக்கணக்கா வெளியிலயே இருந்தாத்தான் சிக்கல். போன தேதி, வந்த தேதி ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க, போதும். நாட்டுக்கு நாடு விதி மாறும். அதனால அந்தந்த நாட்டு ஆபீசுலதான் கேக்கணும்."

மெக்கானிக் சட்டப்புலியைப் பார்த்தார். சட்டப்புலி தரையைப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு இதை யாரு சொன்னது?" என்று மெக்கானிக் கேட்டார்.

"எனக்கு முன்னாடி அந்தக் கடையை வச்சிருந்தவர்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவர் பேச்சைக் கேட்டு என் தங்கச்சி கல்யாணத்துக்கே நான் போகலை." சட்டென்று நிமிர்ந்தார். "போனது போகட்டும். இனிமே என் கடையில முடி மட்டும்தான் வெட்டுவேன். சட்டம் கேக்கறவங்களுக்கு இந்த ஆபீசுக்கு வழி சொல்லுவேன். நீங்க முதல்ல டிக்கெட் எடுங்க!"

வாசலுக்கு வந்ததும் அவள் தம்பிக்குப் போன் போட்டாள். பேச வாயெடுப்பதற்குள் கணவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "டேய், ரெண்டு பேரும் வர்றோம்டா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்ன மாமா, சட்டத்தை மாத்திட்டாங்களா?" என்று கேட்டான் தம்பி.

அவள் போனைத் திரும்ப வாங்கினாள்.

"சட்டம் எப்பவும் இப்படித்தான்டா இருந்திருக்கு. நாங்கதான் கேக்கலை. நாட்டுல குடியிருங்கன்னுதான் அது சொல்லுது, பயத்துல குடியிருங்கன்னு சொல்லலை. இனிமே எதுவா இருந்தாலும் சொல்ல வேண்டியவங்ககிட்டயே நேரா கேட்டுக்கணும்டா. யாரோ சொன்னதை நம்பி நம்ம சந்தோஷத்தை விட்டுடக் கூடாது."