அசல் தோல் என்று அச்சிட்டிருந்தது

வாஞ்சிநாதனை ஏமாற்றாத பேஸ்பால் கார்டுக் கம்பெனி அமெரிக்காவில் பாக்கி இல்லை. ஆட்டக்காரர் படம் போட்டு, சேர்த்துவைக்கிறவர்களுக்கென்றே விற்கிற அட்டை அது. பளபளவென்று தகடு ஒட்டிய கார்டு வாங்கினார். ஒரு கோடை தாண்டுவதற்குள் அது அப்பளமாகச் சுருண்டுகொண்டது. கிழித்தால் உள்ளே இன்னொரு கார்டு இருக்கும் என்றான் ஒரு கம்பெனிக்காரன். கிழித்தால் வெளியே இருப்பவன் போய்விடுவான், கிழிக்காவிட்டால் உள்ளே யார் என்று தெரியாது. ஆறு மாதம் தூக்கம் கெட்டுக் கடைசியில் கிழித்தார். உள்ளே இருந்தவன் அந்த வருஷமே ஆட்டத்தை விட்டுப் போயிருந்தான். டின்னில் அடைத்து விற்ற கார்டும் வாங்கினார். டின்னைத் திறந்ததில் கட்டைவிரலில் நாலு தையல். நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் சொந்த வீடு, பெரிய கம்ப்யூட்டர் வேலை எல்லாம் இருந்தும், புதுசாக ஒரு செட் வந்திருக்கிறது என்று கேட்டால் போதும், மனுஷன் திருவிழாவில் பலூன் பார்த்த பிள்ளையாகிவிடுவார்.

அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த ஞானமணிக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கை. அவள் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் கெட்டுப்போகும் என்று யாரோ கிளப்பிய புண்ணியத்தில் அமெரிக்கா வந்தவள். மேனேஜரையே முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கிற வாய் அவளுக்கு. அந்த வாய், வந்த முதல் நாள் சாப்பாட்டு மேஜையில், அப்பா என்ன பண்றார் என்று வாஞ்சிநாதன் கேட்டபோது, "லெதர் பிசினஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டது. எக்ஸ்போர்ட்டாக இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அவள் திருத்தவில்லை. ஏழு மாதமாக அந்தக் கோபம் அவளுக்கு அவள் மேலேயே இருந்தது.

தொண்ணூற்றெட்டு ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அவர் புதுப் பெட்டியோடு வந்து இறங்கினார். கார்டு ஒவ்வொன்றின் நடுவிலும் தபால்தலை அளவில் தோல். ஆட்டக்காரர் களத்தில் போட்டிருந்த கையுறையிலிருந்து வெட்டியதாம். பின்பக்கம் 'அசல் தோல்' என்று தங்க எழுத்தில் உத்தரவாதம்.

"உங்க ஃபேமிலியே லெதர்தானேம்மா. க்வாலிட்டி எப்படின்னு நீ சொல்லு."

ஞானமணி தொட்டதுமே தெரிந்துபோயிற்று. வெட்டிய ஓரத்தில் நார் இல்லை, நெய்த துணி இருந்தது. ரெக்சின். ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற சரக்கு. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். "நல்லாருக்கு அங்கிள்" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவர் மனைவி நாகலக்ஷ்மி காபியை நீட்டியபடி விஷயத்தைச் சொன்னாள். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒரு ஹோட்டலில், கார்டுகளை விற்று மாற்றிக்கொள்கிற கார்டு ஷோ. அங்கே ஒரு தாடிக்காரரிடம் அந்தத் தோல் செட்டிலேயே விலை கூடின பெரிய கார்டு இருக்கிறதாம். அதற்கு மாற்றாக வாஞ்சிநாதன் தன் முதல் கார்டைக் கொடுக்கப் போயிருக்கிறார். அது வெறும் அட்டை. காது விடைத்த ஒருவன் மட்டையோடு சிரிப்பான். படிக்க வந்த புதிதில், பனியில் சட்டையோடு நடுங்கி நின்ற வாஞ்சிநாதனுக்கு யாரோ ஒரு கிழவர் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்து, பையிலிருந்த கார்டையும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"நீ நல்லாருக்குன்னியாமே. அந்தத் தைரியத்துலதான் எடுத்துட்டுப் போனாரு."

ஞானமணி காபியை அப்படியே வைத்தாள். "ஆன்ட்டி, காரை எடுங்க."

நாகலக்ஷ்மிக்கு லைசென்ஸ் வந்து மூன்று வாரம். ரூட் ஒன்னில் ஊரே பறக்க, அவள் தேர் இழுத்தாள். இடது பக்கத்து ஹோட்டலுக்கு வலது பக்கம் திரும்பவேண்டும் என்பது நியூ ஜெர்சி நியாயம். அந்தத் திருப்பத்தை இரண்டு தடவை கோட்டைவிட்டாள். பின்னால் ஹாரன் அடித்தவனுக்குக் கையசைத்து நன்றி வேறு சொன்னாள். ஞானமணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

உள்ளே ஓடியபோது வாஞ்சிநாதன் தன் கார்டை உறையிலிருந்து பாதி உருவியிருந்தார்.

"அங்கிள், குடுக்காதீங்க. அது ரெக்சின்."

"நல்லாருக்குன்னியே?"

"பொய் சொன்னேன்."

தாடிக்காரர் என்ன தகராறு என்று கேட்டார். விஷயம் புரிந்ததும் தங்க எழுத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். வாஞ்சிநாதன் அவரைப் பார்க்கவில்லை. "உனக்கெப்படிம்மா தெரியும்?"

வந்தேவிட்டது.

"எங்கப்பாவுக்கு பிசினஸ் எல்லாம் கிடையாது அங்கிள். தோல் பதப்படுத்துற ஷாப்புல கூலி. சுண்ணாம்புக் குழியில இறங்கி நின்னவரு. லீவு நாள்ல நானும் போய் ஓரம் வெட்டிருக்கேன். அந்தக் காசுலதான் படிச்சேன். தோலா இல்லையான்னு என் மூக்கு சொல்லும்."

 அதே வேகத்தில் அவர் ஆல்பத்திலிருந்து ஒரு தோல் கார்டை உருவினாள். பக்கத்தில் சிகரெட்டோடு வெளியே கிளம்பியவரிடம் லைட்டரைப் பிடுங்கினாள். தோல் என்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும், இல்லையென்றால் உருகும் என்று மண்டபத்துக்கே கேட்கும்படி ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டுப் பற்றவைத்தாள். அந்த மகத்தான கையுறை நெய்யாக உருகிச் சொட்டியது. கரும்புகை நேராக மேலே போய் அலாரத்தைத் தட்டி எழுப்பியது.

இருநூறு பேரும் கார் நிறுத்துமிடத்துக்குத் துரத்தப்பட்டார்கள். தோல் கார்டு வைத்திருந்தவர்கள் அங்கேயே ஆளுக்கொன்றாகக் கொளுத்திப் பார்த்தார்கள். உருகியது, உருகியது, எல்லாமே உருகியது. ஜூலை மாதத்தில் போகி. பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்த தாடிக்காரர் தன் பெரிய கார்டையும் தீயில் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தார்.

வாஞ்சிநாதன் சட்டைப்பையில் காதுவிடைத்தவனைக் கையால் பொத்தியபடி அருகில் வந்தார்.

"சுண்ணாம்புல நின்னா கால் புண்ணாகாதாம்மா?"

"ஆகும் அங்கிள்."

 அவர் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து நீட்டினார். எருமை, அசல் என்றாள். தாடிக்காரர் பர்ஸை நீட்டினார். ரெக்சின். அதற்குள் ஒரு வரிசை நின்றுவிட்டது: ஷூ, ஜாக்கெட், ஒரு பைபிள் உறை. ஒருவர் வாட்ச் பட்டை ஆட்டுத்தோல் என்று தெரிந்ததும் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

கடைசியாக நாகலக்ஷ்மி தன் கைப்பையை நீட்டினாள். பத்தாவது கல்யாண நாளுக்கு அவர் கொடுத்தது, இத்தாலியிலிருந்து வரவழைத்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் வாஞ்சிநாதன் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். ஞானமணி பையை மோந்தாள். ஓரத்தை நகத்தால் நெருடினாள்.

"ரெக்சின், ஆன்ட்டி."

வாஞ்சிநாதன், பெல்ட் இல்லாத பேண்டை ஒரு கையால் பிடித்தபடி, தீயணைப்பு வண்டி வருகிற திசையைப் பார்த்து நடையைக் கட்டினார்.